முன்பாரம்

லால்பாக் வாசலில் காலை வெயில் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. சர்வதேச மலர்க் கண்காட்சிக்கு வந்த மோட்டார்கள் ஹாரன் அடிக்கின்றன. பஸ்ஸிலிருந்து குடைகளும் தொப்பிகளும் இறங்குகின்றன. டெஸ்மண்ட் மட்டும் ஜட்காவின் முன்பலகையில், குதிரையின் வாலை ஒட்டி, முழங்காலை மடக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். கன்டோன்மென்ட்டில் ஏறியதிலிருந்து அப்படித்தான். பின்னால் அவர் மனைவி யூனிஸும், கண்காட்சியில் வைக்க அவள் வளர்த்த, பஸ்ஸில் ஏற்ற மறுத்த பெரணிச் செடித் தொட்டியும்; தொட்டி இரண்டு ஆள் கனம். "அசையாதீங்க சாப். தொட்டி எறங்கறதுக்குள்ள நீங்க குதிச்சா பின்பாரம் வண்டியோட முன்பக்கத்தத் தூக்கிடும்," என்கிறார் வண்டிக்காரர் மஸ்தான். யூனிஸ் இறங்குகிறாள். தோட்டக்காரர்கள் இருவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க, ஒரு வருஷமாக அதை இலை இலையாகத் துடைத்தவள் திரும்பிப் பாராமல் பின்னாலேயே போகிறாள். ஒன்றுகூட நசுங்காத இலைகள் வெயிலில் அசைகின்றன. மரத்துப்போன காலை டெஸ்மண்ட் மெல்ல நீட்டுகிறார். கேட்டருகே யூனிஸ் நிற்கிறாள், கையில் ஒரு சீட்டு. "ஏங்க, வளர்த்தவங்க பேரு எழுதணுமாம். உங்க பேரையும் போடட்டா?" ஒரு நாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றாத டெஸ்மண்ட் கூச்சத்துடன் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். மஸ்தான் கடிவாளத்தைத் தளர்த்திச் சிரிக்கிறார். "போடச் சொல்லுங்க சாப். நீங்க முன்னால உக்காரலேன்னா வண்டி வழியிலேயே குடைசாஞ்சிருக்கும்."