ஆள் மாற்றம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், கூடைப்பந்துத் திடலின் தகரக் கூரைக்குக் கீழே ஞாயிறுதோறும் ஜோடி நடன வகுப்பு நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டுதான். ஆசிரியை மெல்பா விசில் ஊதினால் ஆண்கள் ஒரு ஆள் தள்ளி நிற்க வேண்டும். எதிரே நிற்பவரை வேண்டாமென்று சொல்லக்கூடாது. அந்த விசிலுக்கு மழையே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் எதிர் வரிசையில் நிற்கும் நெனித்தாவின் வெள்ளைச் செருப்பின்மேல் கிடக்கிறது. அவள் கணவனைப் போன வருடம் ஜீப்னி என்ற பயணிகள் வண்டியை ஏற்றிக் கொன்ற ஓட்டுநர் கிரிசாந்தோ, அவள் இங்கே இருப்பது தெரியாமல் வந்து சேர்ந்தவன், எனக்கு முன்னால் வேர்த்து நிற்கிறான். அவனுக்கு அடுத்த ஜோடி அவள்தான். "அண்ணே, என் இடத்துல நீங்க நில்லுங்களேன்," என்று என் பக்கம் திரும்புகிறான். "நிக்கலாம். அதுக்கடுத்த விசிலுக்கு யாரு நிப்பா?" விசில் அடிக்கிறது. அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டுகிறான். நெனித்தா பிடித்துக்கொள்கிறாள், மறுகையை அவன் தோளில் வைக்கிறாள். ஒலிபெருக்கி கரகரக்கிறது. அவன் தன் காலையே பார்த்து அடி வைக்கிறான். "காலைப் பாக்காத தம்பி, அவங்க மூஞ்சியப் பாரு," என்கிறாள் மெல்பா. அவன் நிமிரவில்லை. "பாரு," என்கிறாள் நெனித்தா, மெதுவாக. "அன்னைக்கும் நீ முன்னால பாக்கல." அவன் நிமிர்கிறான். பாட்டு முடிய இன்னும் நெடுநேரம் இருக்கிறது.