ஒழுகாத தொப்பி

பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு மருமகன் பின்னிய ஸ்வெட்டரை விரித்துப் பிடித்து, அதில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார் மெல்ச்சோர். அத்தனையும் தரைக்குப் போனது.

"பொண்ணு கேட்டு வந்தப்ப கொண்டாந்த தொப்பியில சொட்டுகூட ஒழுகலையே, மாப்பிள்ளை?"

"அது... வந்து... மாமா..." சில்வெரியோ ஊசிகளை மறைத்தான்.

தக்கிலே தீவில் பின்னுவது ஆண்கள்தான். மாப்பிள்ளை பின்னிய தொப்பியில் மாமனார் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஒழுகினால் பெண் இல்லை.

"அப்ப அந்தத் தொப்பியப் பின்னினது வேற எவனோ!"

"எங்கண்ணன்தான்" என்றபடி அடுப்படியிலிருந்து வந்தாள் மெல்ச்சோரின் மனைவி ஹஸிந்தா.

"உங்கண்ணனா? அவனுக்கு எதுக்குடி இந்தத் திருட்டு வேலை?"

"நம்ம கல்யாணத்துக்கு எங்கண்ணன் உங்க தொப்பியப் பின்னிக் குடுத்தப்ப, 'மச்சான், நீதான் தெய்வம்'னு அவன் கையைப் பிடிச்சீங்க. இப்ப அது திருட்டு வேலையாயிடுச்சோ?"