கத்திரி வெட்டிய செய்தி

"என் செய்தி எங்கே, அண்ணே?"

பத்திரிகையாளர் சங்கத்தின் மாத இதழைச் செயலாளரின் மேஜைமேல் விரித்துப் போட்டாள் அவள். போன மாதம் வரை ஒரு நாளிதழில் நிருபர். விரிந்து கிடந்தது 'உறுப்பினர் செய்திகள்' பக்கம்.

விளையாட்டு நிருபருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். கார்ட்டூன் போடுகிறவர் மகளுக்குக் கல்யாணம். யாரோ ஒருவர் கார் வாங்கியதுகூடப் படத்தோடு வந்திருந்தது. அவள் எழுதிக் கொடுத்த இரண்டு வரியைத்தான் காணோம்.

செயலாளருக்குச் சங்கத்தில் 'கத்திரி' என்று பெயர். காலமெல்லாம் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. யார் எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டாமல் கை ஓயாது.

"இடம் இல்லம்மா," என்றார் கண்ணாடியைத் துடைத்தபடி.

"காருக்கு இடம் இருக்கு. எனக்கு வேலை போனதுக்கு இல்லையா?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா பேசணும்? நான் என்ன திருடினேனா? அந்தத் தொழிற்சாலையில தீப்பிடிச்சப்ப கதவு வெளியே பூட்டியிருந்தது. என் கண்ணால பார்த்தேன். ஆபீஸ்ல, தொழிலாளிங்க சிகரெட் பிடிச்சதாலதான் தீன்னு எழுதி, மேல என் பேரைப் போடச் சொன்னாங்க. முடியாதுன்னேன். அனுப்பிட்டாங்க. இப்ப நான் காசு வாங்கி மாட்டிக்கிட்டேன்னு கதை கட்டி விட்டிருக்காங்க. அந்த ரெண்டு வரி வந்தாத்தான் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியும்."

கத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்பாவுக்கு ஆபரேஷன் எப்போ?"

"அடுத்த மாசம். பேச்சை மாத்தாதீங்க."

"அது நல்லபடியா முடியட்டும். அப்புறம் போடலாம்."

"அப்பாவோட இதயத்துக்கும் என் செய்திக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் அடுத்த மாத இதழின் பக்கத்தைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

வெளியே போட்டோகிராபர் நின்றிருந்தார். கழுத்தில் கேமரா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பொழுதுக்கும் சங்கத்திலேயே கிடப்பவர்.

"பத்திரிகை முதலாளிங்க நம்ம இதழுக்குத் தர்ற விளம்பரத்தை நிறுத்திடுவாங்கன்னு பயம், தங்கச்சி. அந்த ஆளுக்கு முதுகெலும்பே கிடையாது," என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஊரார் வீட்டு விஷயத்தை எல்லாம் தோண்டி எடுத்துப் போடுகிற கூட்டம், சொந்த வீட்டுச் செய்தியை மட்டும் மூடி மறைக்கிறது. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரக் கடைசியில் சங்கத்தின் ஆண்டு விருந்து. எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவளும் அப்பாவைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். சாப்பாட்டுக்கு முன்னால், அந்த வருஷத்து உறுப்பினர் செய்திகளைச் செயலாளர் மேடையில் வாசிப்பது வழக்கம். குழந்தைக்கும் கல்யாணத்துக்கும் காருக்கும் கைதட்டல் விழுந்தது.

"அவ்வளவுதான், சாப்பிடப் போகலாம்," என்றார் கத்திரி.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

அவள் விறுவிறுவென்று மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள். பூட்டிய கதவைச் சொன்னாள். பொய்க்குத் தன் பெயரைத் தர மறுத்ததைச் சொன்னாள். "அதுக்காக என்னை வேலையை விட்டு நீக்கினாங்க. இதுவும் உறுப்பினர் செய்திதான்," என்று முடித்தாள்.

ஒரு கைகூடத் தட்டவில்லை. பொருளாளர் மட்டும் எழுந்தார்.

"வேலையில இல்லாதவங்க உறுப்பினர் இல்லைன்னு நம்ம விதி சொல்லுது. உறுப்பினர் இல்லைன்னா சங்கத்து மருத்துவ அட்டையும் இல்லை. இத்தனை நாள் யாரும் வெளிப்படையா சொல்லலை, சரி. இப்ப சபையில சொல்லியாச்சு. செயலாளர் இவங்களை நீக்கி இப்பவே கையெழுத்துப் போடணும்."

குடும்பத்தின் சிகிச்சைச் செலவை ஏற்கும் அந்த அட்டையை நம்பித்தான் அப்பாவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாள். எந்த அலுவலகத்து விதியையும் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டவள், சொந்தச் சங்கத்து விதியைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆபரேஷன் எப்போ என்று கத்திரி ஏன் கேட்டார் என்பது இப்போதுதான் உறைத்தது.

"அண்ணே..." என்றாள்.

முன்வரிசையில் அப்பா எழுந்து நின்றார்.

"சொன்னதைத் திருப்பி வாங்காதேம்மா. என் நெஞ்சை நான் பார்த்துக்கிறேன்."

அது போதுமாயிருந்தது. மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"நீக்கிக்கோங்க. நான் சொன்னது செய்தி. அதுக்கு மறுப்பு வெளியிட மாட்டேன்."

கத்திரி அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"நீக்கலாம். விதிப்படி செயலாளர்தான் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி, நான் வெட்டி வெச்சிருந்த இன்னொரு உறுப்பினர் செய்தியை வாசிச்சிடறேன். நம்ம செயலாளருக்குப் போன வருஷமே வேலை போயிடுச்சு. அன்னையிலேருந்து அவரும் உறுப்பினர் இல்லை. இப்ப யாரு யாரை நீக்கப் போறோம்?"

பொருளாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போட்டோகிராபர் கழுத்துக் கேமராவைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தலைகுனிந்தபடி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி நகர்ந்தது. அடுத்து ஓரத்தில் ஒன்று.

கத்திரி இத்தனை நாள் வெட்டி வைத்திருந்த செய்திகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.