மூடிக் கொடுத்த பெட்டி

"இந்த முகத்துல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியலம்மா. அந்த முகத்துல என்னிக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய கணவரின் முகம். சத்தமில்லாத படம். எதையோ பார்க்கிறார், இமைக்கிறார், சட்டைப் பொத்தானைத் திருகுகிறார், அவ்வளவுதான். ஆராய்ச்சி செய்யும் பெண் தாளில் குறித்துக்கொண்டாள்.

சுவரெல்லாம் தடித்த துணி ஒட்டிய அறை. வெளியே மழை பெய்வது கண்ணாடியில் தெரிந்ததே தவிர, காதில் விழவில்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு. பதினாறு வருடக் குடித்தனமும் இப்படித்தான் சத்தமில்லாமல் ஓடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அவரைப் போல ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியுமா என்று ஆராய்ச்சி. போன வாரம் கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாகப் பத்துக் காட்சிகள் காட்டி, பார்க்கும்போது முகத்தைப் படம் பிடித்தார்கள். என்ன தோன்றியது என்று அவரவர் கையால் எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். இன்று ஒருவர் முகத்தை மற்றவர் படிக்க வேண்டும். அவர் முறை முடிந்துவிட்டது. வெளியே பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறார்.

"பெட்டியோட வந்திருக்கீங்க. ஊருக்கா?"

"தங்கச்சி வீட்டுக்கு. இங்கிருந்து நேரா போறேன். திரும்பி வர்றதா இல்ல."

ஆராய்ச்சிப் பெண்ணின் பேனா நின்றது. "சாருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல, அவரும் கேக்கல. துணி எடுத்து வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா பெட்டியை மூடி வாசல்ல கொண்டு வெச்சிருக்கார். விட்டுட்டுப் போறவளுக்குப் பெட்டி மூடிக் குடுக்கிற மனுஷனை எங்கயாவது பாத்திருக்கியா?"

அந்தப் பெண் அடுத்த படத்தைப் போட்டாள்.

"ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ரிப்பேர் பண்றார். ஒவ்வொண்ணுக்கும் என்ன வலின்னு காதுல வெச்சே சொல்லிடுவார். எனக்கு என்ன வலின்னு கேட்டதில்ல." அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். "அந்தப் பெட்டி வேற கல்லு மாதிரி கனக்குது. நாலு துணிதான் வெச்சேன். மனசுல இருக்கிற பாரமெல்லாம் அதுல ஏறிடுச்சு போல."

"தங்கச்சி வீட்டுக்கு சார் வர மாட்டாரா?"

"நல்லா கேட்ட போ. அங்க மூணு பசங்க, நாள் பூரா டிவி. ஒரே ஒரு தடவை வந்தார். பத்து நிமிஷத்துல காதைப் பொத்திக்கிட்டுத் தெருவுல போய் நின்னவர்தான். அப்புறம் அந்த வாசப்படியை மிதிக்கல."

பத்தாவது படம் ஓடியது. அதே முகம், ஆடாமல் அசையாமல்.

"தூக்கம் வருது அவருக்கு," என்றாள்.

ஆராய்ச்சிப் பெண் இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு கூட்டினாள். "ஒருத்தர் பத்துக்கு ஒன்பது. இன்னொருத்தர் பத்துக்கு ரெண்டு."

"ரெண்டுன்னு அவர்கிட்ட சொல்லிடாதம்மா, வருத்தப்படுவார்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வாங்கினது நீங்க." அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். "கடைசிப் படத்துக்கு சார் எழுதியிருக்கிறது, 'அழுகை வந்தது, அடக்கினேன்'னு."

அவள் எப்படி எழுந்தாள், எப்படிக் கதவைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நடைக்கூடத்தில் மழை வெளிச்சம் பரவியிருந்தது. அவர் பெட்டி மேல் கையை வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நாலு நிமிஷம் மெதுவா ஓடுது," என்றார். "பஸ் நாலரைக்கு. இப்பவே கிளம்பணும்."

"நான் எங்க போறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"யார் சொன்னாங்க?"

"ஒரு மாசமா அவகூட போன்ல பேசும்போது மட்டும்தான் நீ சிரிக்கிற."

அவள் அவர் எதிரே வந்து நின்றாள். "தெரிஞ்சுமா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"உனக்குப் போகணும்னு இருக்கு." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

இவ்வளவுதானா என்று ஆத்திரமாக வந்தது. பத்துக்கு ஒன்பது வாங்கி என்ன பிரயோசனம்? கண் வேறு நிறைந்துவிட்டது. கைக்குட்டை எடுக்கக் குனிந்து பெட்டியைத் திறந்தாள்.

அவளுடைய துணிகளுக்கு மேல், ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்த அவருடைய சட்டைகள் நாலு. பக்கத்தில் அவருடைய கருவிப் பெட்டி. அதன் மேல், இரண்டு காதுக்கும் பல மாதத்துக்குக் காணும் அளவுக்குப் பஞ்சு.