அவள் சிரிக்கும் இடம்

சமையல் மேடையில் சாய்த்து வைத்த கைபேசிக்குள்ளிருந்து ஓர் இளைஞன் என் மனைவிக்கு ஆங்கிலம் கற்பிக்கிறான். மாலை வெயில் அவள் கண்ணாடியில் மின்னுகிறது. பாதி நறுக்கிய பீன்ஸ் அப்படியே கிடக்கிறது. இன்றைய சொல் 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. 'ஆர்வமற்ற' என்று உளறுவான், திருத்தலாம் என வாசற்படியில் காத்து நிற்கிறேன், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியனாகிய நான். "மாமியார் மருமக சண்டையில புருஷன் டிவி பார்த்தா அன்இன்ட்ரஸ்டட். யார் பக்கமும் சாயாம நியாயம் சொன்னா டிஸ்இன்ட்ரஸ்டட். அப்படி ஒருத்தர் இருந்தா எனக்குக் காட்டுங்க!" சரியாகவே சொல்லித் தொலைக்கிறான். அவள் குலுங்கிச் சிரிக்கிறாள். "இதை நீங்க சொல்லித் தந்ததே இல்லையேங்க?" "நீ கேட்டால்தானே?" "கேட்டா, முதல்ல கையெழுத்தைத் திருத்துன்னுவீங்க." என் முகம் பாராமலே பாடத்தை மறுபடி ஓடவிடுகிறாள். மாமியார் சண்டைக்கு அவன் வந்து சேர்கிறான்; அவள் அதே இடத்தில் மீண்டும் சிரிக்கிறாள்.