கடைசி இலக்கம்

கணவன் விரும்பிய பெண்ணின் பதிவு எண் ஏழில் முடிந்தது. அவன் கட்டிக்கொண்ட அவளுடையது எட்டில் முடிந்தது.

காலையிலிருந்து திரையையே பார்த்துக் கண் எரிந்தது. முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். ஏழு ஏழாகத்தான் இருந்தது.

வரன் தேடித் தரும் இணையதளத்தில் அவளுக்கு வேலை. ஒருவருக்கு விருப்பம் அனுப்பினால் வேறு யாருக்கோ போகிறது என்று புகார். சோதிப்பதற்குத் தெரிந்த ஜோடியாக இருக்கட்டுமே என்று தன் பதிவையே எடுத்திருந்தாள். அவளும் கணவனும் சந்தித்தது இதே தளத்தில்தான்.

"நம்ம சி புரோகிராம் பதிவு எண்ணோட பதினாறு இலக்கத்தையும் அனுப்புற ஜேசான் தகவல்ல ஒழுங்காத்தான் எழுதுது சார். வாங்குற பிரவுசருக்குத்தான் அவ்வளவு பெரிய எண் கொள்ளலை. ஒற்றைப்படைன்னா பக்கத்து இரட்டைப்படைக்கு நழுவிடுது."

"வைத்தியம்?" என்றார் மேலாளர்.

"எண்ணுக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு எழுத்தா அனுப்பணும். அவ்வளவுதான்."

"அப்போ இத்தனை வருஷமா ஆள் மாறிக் கட்டிக்கிட்டவங்க?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய மூச்சு விட்டுடாதம்மா. மாத்திக் குடுன்னு வாசல்ல வந்து நிப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழில் முடிந்தவள் வயலின் வகுப்பு நடத்துபவள். முதல் சந்திப்பில் அவன், "எத்தனை வருஷமா வயலின் வாசிக்கிறீங்க?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "அதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாதுங்க" என்று இவள் சிரித்திருந்தாள்.

அதன்பின் பல நாள் அவனிடமிருந்து சத்தமே இல்லை. திடீரென்று ஒரு சாயங்காலம், பஸ் இரைச்சலுக்கு நடுவே தெருவிலிருந்து போன். "எனக்குச் சம்மதம்."

மேற்கோள் குறிகளைப் போட்டுவிட்டு வீடு திரும்பினாள். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. அவன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். சமீபகாலமாக இருவருக்குள்ளும் கரண்ட் பில், பால் பாக்கெட் தவிரப் பேச்சில்லை. அதற்கும் இன்று காரணம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்ன, முகம் தொங்கிப்போய் வர்ற?"

"நீங்க விருப்பம் அனுப்பினது எனக்கில்லை. பக்கத்து நம்பர்ல இருந்த வயலின் டீச்சருக்கு. எங்க தளத்துல கோளாறு."

அவன் தலையணை உறையை உதறினான். "தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ வயலினைத் தொட்டதே இல்லைன்னு சொன்ன அன்னிக்கே."

அவள் நாற்காலியில் சரிந்தாள். "முகத்துக்கு நேரா சொல்லச் சங்கடப்பட்டு என்னைக் கட்டிக்கிட்டீங்களாக்கும்."

"வகுப்பு எங்கன்னு அவங்க பதிவுலயே போட்டிருந்துச்சு. நேரா போனேன். ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டேன். அருமையா வாசிச்சாங்க. அப்புறம் பேசிக்கிட்டும் இருந்தோம்."

"பிடிக்கலைன்னுட்டாங்களா?"

"இன்னொரு நாள் வாங்கன்னாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் உறையை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தான்.

"அவங்க மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்ததும்தான் உனக்கு போன் பண்ணேன்."