பத்து நிமிடம் முன்னால்

நாமக்கல் அலுவலகத்தில் அமுதவல்லிக்குப் புது லேப்டாப் கொடுத்திருந்தார்கள். புரோகிராமை பில்டு செய்ய வேண்டிய லைப்ரரி பைல்கள் எந்த போல்டரில் இருக்கின்றன என்று என்விரான்மென்ட் வேரியபிள் என்ற அமைப்பில் எழுதிவைக்க வேண்டும். மூன்று முறை பாதையை மாற்றி எழுதினாள். மூன்று முறையும் லைப்ரரி கிடைக்கவில்லை என்றே வந்தது.

முன்பெல்லாம் பக்கத்து நாற்காலியில் மாதேஷ் இருந்தான். "ஏனுங்க, எதுக்கு அலையறீங்க? என்ற போல்டரைக் காட்டி உடுங்க, எல்லாம் அங்க கெடக்குது" என்பான். தன் ஊருக்குப் போகும் ஐந்தே முக்கால் வேலூர் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று தன் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பான். அவன் இறந்து போய் இரண்டு வருடம் ஆயிற்று. அந்தக் கம்ப்யூட்டரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

என்ன நினைத்தாளோ, அவன் போல்டரின் பாதையையே அடித்தாள். புது லேப்டாப்பில் அப்படியொரு போல்டரே கிடையாது. பில்டு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது.

போல்டரைத் திறந்து பார்த்தாள். எல்லா பைல்களும் இருந்தன. கடைசியாகத் திருத்திய நேரம், இன்று மாலை 5.32.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து இருபத்திரண்டு.

"கெளம்பலீங்களா அக்கா?" என்று கேட்டாள் எதிர் மேஜை இலக்கியா.

"செத்த இரு கண்ணு. வேலூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது."

அமுதவல்லியின் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது.